சொல்லுக்குச் சொல் ஜோடி

ஜெயங்கொண்டத்தில் ஏறிய பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் புல்வெளியில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள், நாலாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பி. அவன் விமானத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளோ பையிலிருந்து ஆங்கில நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். முகம் வாடியிருந்தது.

"ஐ டிட் எ மிஸ்டேக்" என்று எழுதியிருந்தாள். 'டிட்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மேலே 'மேட்' என்று திருத்தம்.

"மாமா, 'டூ'ன்னாலும் செய்யறதுதான், 'மேக்'குன்னாலும் செய்யறதுதான். 'தப்பு செஞ்சேன்'னுதானே எழுதினேன்? அப்புறம் ஏன் தப்பு?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் கேட்காமலே விட்டுவிட்ட கேள்வி. அதற்குப் பதில் எங்கள் முன்னாலேயே பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது.

ஊர்ப் பெயரில் ஒரு பாடம்

"இந்த ஊர்ப் பெயரைப் பிரிச்சுச் சொல்லு" என்றேன்.

"கங்கை, கொண்ட, சோழ, புரம்."

"கொண்டன்னா என்ன?"

"ஜெயிச்சு எடுத்துக்கிட்ட. அதான் மாமா, ராஜேந்திர சோழன் படை கங்கை வரைக்கும் போய் ஜெயிச்சு, கங்கைத் தண்ணியக் கொண்டு வந்துச்சே."

"சரி. எடுத்துக்கிட்டதுன்னா, 'கங்கை எடுத்த சோழபுரம்'னு ஏன் வைக்கல? 'கங்கை வாங்கிய சோழபுரம்'? 'கங்கை பிடித்த சோழபுரம்'?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "வாங்கறதுக்குக் கங்கை என்ன கடையிலயா இருக்கு?"

அவன் சிரித்தானே, அந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருக்கிறது. எடு, வாங்கு, பிடி, பெறு, கொள் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பத்துச் சொற்கள். ஆனாலும் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை வைத்தால் நம் காது உடனே கண்டுபிடித்துவிடுகிறது. சோழர் காலத்தில் ஒரு நாட்டை வென்றதைச் சொல்ல 'கொள்' என்ற வினைதான் வழக்கம். முதலாம் பராந்தகனுக்கு 'மதுரை கொண்ட' என்ற பட்டம் இருந்தது. ராஜேந்திரன் கங்கைகொண்டான், கடாரங்கொண்டான், முடிகொண்டான் என்றெல்லாம் பெயர் பெற்றான். பக்கத்து ஊர் ஜெயங்கொண்டத்தின் பெயரிலும் அதே வினை உட்கார்ந்திருக்கிறது.

இன்றைக்கு அந்த ஜோடி மாறிவிட்டது. ஒரு படை ஊரைப் 'பிடித்தது' அல்லது 'கைப்பற்றியது' என்றுதான் செய்தித்தாளில் எழுதுகிறோம். 'கொள்' இப்போது வேறு கூட்டாளிகளோடு வாழ்கிறது. சினம் கொண்டான், கவனம் கொள், இந்தக் குடம் எத்தனை லிட்டர் கொள்ளும் என்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜோடி ஊர்ப் பெயருக்குள் அப்படியே தங்கிவிட்டது.

சொற்கள் தனித்தனியே வாழ்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் பழகிய கூட்டாளிகள் உண்டு. இப்படிச் சேர்ந்தே வரும் சொற்களை ஆங்கிலத்தில் 'கொலொகேஷன்' என்கிறார்கள். 'ஓரிடத்தில் சேர்த்து வைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நாம் 'சொல்ஜோடி' என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் தமிழ்ப் புத்தகத்தில் இது இருக்கிறது

"உனக்கு இது ஏற்கெனவே தெரியும்" என்றேன் அவளிடம். "நான் ஒரு சொல் சொல்றேன், நீ வினையைச் சொல்லு. அம்பு?"

"எய்."

"பானை?"

"வனை."

"கூடை?"

"முடை. மாமா, இது வினைமரபு! பரீட்சைக்குப் படிச்சேன். ஆடை நெய், பூக் கொய், சுவர் எழுப்பு, தயிர் கடை..."

"அப்படின்னா இந்தக் கோயிலுக்கு வா. அதோ அந்தச் சிங்கமுகக் கிணறு?"

"கிணறு வெட்டு."

"சுவரில் சண்டேசருக்குச் சிவபெருமான் மாலை சூட்டுற சிற்பம் இருக்கே?"

"சிலை செதுக்கு."

"சோழர் காலத்துச் செப்புத் திருமேனி?"

யோசித்தாள். செப்பைச் செதுக்குவதில்லை. உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். அதற்கு 'வார்' என்ற வினை. கல் சிலை செதுக்கு, செப்புச் சிலை வார். கோயிலுக்குக் கல்வெட்டுகளில் 'எடுப்பித்தல்' என்ற சொல் வரும். ஒவ்வொரு வினைக்குள்ளும் அந்த வேலையைச் செய்யும் முறை ஒளிந்திருக்கிறது.

இதைத் தொல்காப்பியமே சொல்லதிகாரத்தில் பேசுகிறது. 'அடிசில்' என்றால் உணவு. அதில் சோறு உண்பது, முறுக்கு தின்பது, பால் பருகுவது, தேன் நக்குவது என்று நான்கு வகை உண்டு என உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான 'அடிசில்' என்ற பெயரோடு, ஒரு வகைக்கு மட்டும் உரிய 'தின்றார்' என்ற வினையைச் சேர்க்கக்கூடாது. பொதுவான 'அயின்றார்' என்ற வினையைத்தான் சேர்க்க வேண்டும். 'இயம்' என்றால் இசைக்கருவி. முரசு கொட்டுவோம், குழல் ஊதுவோம். எனவே 'இயம் ஊதினார்' என்றால் முரசு கோபித்துக்கொள்ளும். 'இயம்பினார்' என்றால் எல்லாக் கருவிக்கும் பொருந்தும்.

எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்று யோசித்து விதி எழுதிய மொழி நம்முடையது. அந்தக் காதோடு ஆங்கிலத்துக்குள் போனால் பயமே வேண்டாம்.

'போடு' என்ற ஒரு சொல்

"இப்ப நம்ம வீட்டுச் சொல் ஒண்ணை எடுத்துக்குவோம். 'போடு'. என்னவெல்லாம் போடுவோம்?"

இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். கோலம் போடு, சட்டை போடு, டீ போடு, கணக்குப் போடு, சத்தம் போடு, சண்டை போடு, ஊசி போடு, ஓட்டுப் போடு, ஃபேன் போடு, கையெழுத்துப் போடு.

"இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லு பார்ப்போம். 'போடு'ன்னா 'புட்'. எல்லாத்துக்கும் 'புட்' வருமா?"

வராது. கோலத்துக்கு 'டிரா'. டீக்கு 'மேக்'. கணக்குக்கு 'டூ'. சத்தத்துக்கு 'மேக்'. ஊசிக்கு 'கிவ்'. ஓட்டுக்கு 'காஸ்ட்'. ஃபேனுக்கு 'டர்ன் ஆன்' அல்லது 'சுவிட்ச் ஆன்'. சண்டைக்கும் கையெழுத்துக்கும் துணைச்சொல்லே வேண்டாம், 'ஃபைட்', 'சைன்' என்ற வினைகளே போதும். சட்டைக்கு மட்டும் 'புட் ஆன்' என்று 'புட்' வருகிறது.

ஆங்கிலத்திலும் நம் 'போடு' மாதிரி ஓயாமல் உழைக்கும் சின்ன வினைகள் சில உண்டு. டூ, மேக், டேக், ஹேவ், கிவ், கெட், கோ ஆகியவை முக்கியமானவை. தனியாக நின்றால் இவற்றுக்குப் பொருள் மெலிது. பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்தான் இவற்றுக்குக் கனம் தருகிறது. 'டேக் எ ஃபோட்டோ' என்றால் படம் எடுப்பது. 'டேக் எ பாத்' என்றால் குளிப்பது. 'டேக் எ சீட்' என்றால் உட்காருவது. வினை ஒன்றுதான், வேலை மூன்று.

டூ, மேக் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வரப்பு இருக்கிறது. ஒரு வேலையைச் செய்து முடிப்பது பெரும்பாலும் 'டூ'. ஹோம்வொர்க், எக்ஸர்சைஸ், கணக்கு எல்லாம் அந்தப் பக்கம். முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்குவது பெரும்பாலும் 'மேக்'. டீ, கேக், சத்தம், திட்டம் எல்லாம் இந்தப் பக்கம். நீ எழுதும்வரை நோட்டில் அந்தத் தப்பு இல்லை. நீதான் அதை உண்டாக்கினாய். அதனால் 'மேக் எ மிஸ்டேக்'.

"ஓ!" என்றாள். முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஆனால் இந்த வரப்பை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. குளிப்பதற்கு அமெரிக்கர் 'டேக் எ பாத்' என்பார்கள், ஆங்கிலேயர் பெரும்பாலும் 'ஹேவ் எ பாத்' என்பார்கள். காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. பழக்கம், அவ்வளவுதான். நாம் 'தேர்வு எழுதினேன்' என்பதால் ஆங்கிலத்திலும் 'ரைட் அன் எக்ஸாம்' என்கிறோம். இங்கிலாந்தில் 'டேக்' அல்லது 'சிட்' என்பார்கள். நாம் சொல்வது தமிழ் ஜோடி ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு நடப்பது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது யாருடைய ஜோடி என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஐ காட் எ கோல்ட்', அதாவது நான் சளியைப் பிடித்தேன். தமிழில் 'எனக்குச் சளி பிடித்தது'. இரண்டிலும் வினை 'பிடி'தான். அங்கே மனிதன் பிடிக்கிறான், இங்கே சளி பிடிக்கிறது!

கெட்டது போகும், நல்லது வரும்

பண்புச்சொற்களோடு சேரும்போது ஆங்கில வினைகள் இன்னும் அழகாக வேலை செய்கின்றன. பால் திரிந்தால் 'கோ சவர்'. பழம் கெட்டால் 'கோ பேட்'. திட்டம் கெட்டால் 'கோ ராங்'. தலை வழுக்கையானால் 'கோ பால்ட்'. கனவு நனவானால் மட்டும் 'கம் ட்ரூ'.

"பாரு, கெட்டதுக்கெல்லாம் 'கோ' வருது. நல்லதுக்கு 'கம்' வருது. தமிழில் எப்படி?"

தம்பி முந்திக்கொண்டான். "பால் கெட்டுப் போச்சு!"

அழுகிப்போனது, தொலைந்துபோனது, உடைந்துபோனது, செத்துப்போனது. எல்லாவற்றிலும் 'போ'. 'எல்லாம் சரியா வரும்' என்று பாட்டி ஆறுதல் சொல்கிறாளே, அதில் 'வா'. தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. பிறகு எப்படி இரண்டும் ஒரே மாதிரி யோசிக்கின்றன?

மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1974ஆம் ஆண்டில் ஆங்கிலத்தின் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து எழுதினார். பேசுகிறவர், இயல்பான நிலையைத் தன் சொந்த வீடுபோல் வைத்துக்கொள்கிறார். அந்த நிலையைவிட்டு விலகுவது 'போவது'. அந்த நிலைக்குத் திரும்புவது 'வருவது'. நம் 'போ'வையும் 'வா'வையும் இதே கண்ணாடி வழியே பார்த்தால் பொருந்துகிறது. நல்ல பால் நம் வீட்டில் இருக்கிறது, கெட்ட பால் நம்மைவிட்டுப் போய்விட்டது. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் சில ஜோடிகள் பழக்கத்தால் மட்டும் சேர்ந்தவை அல்ல, மனிதர் உலகத்தைப் பார்க்கும் பார்வையிலிருந்தும் பிறந்தவை என்று இதிலிருந்து தெரிகிறது.

பெயரும் பண்பும் சேரும் இடத்திலும் இப்படித்தான். மழைக்கு ஆங்கிலத்தில் 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. நாமும் மழையைக் 'கனமழை' என்கிறோம், காற்றைப் 'பலத்த காற்று' என்கிறோம். டீக்கடையில் 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்று கேட்பது ஆங்கிலத்தின் உண்மையான ஜோடி. அதையே 'பவர்ஃபுல் டீ' என்றால் ஆங்கிலேயர் விழிப்பார்.

மலைக்கு 'ஹை' என்பார்கள். மரத்துக்கும் மனிதருக்கும் 'டால்'. நம் முன்னால் சுமார் 180 அடிக்கு எழுந்து நிற்கும் இந்த விமானத்துக்கும் 'டால்'தான். தமிழில் மூன்றுக்கும் 'உயரமான' போதும். ஆனால் 'ஓல்ட்' என்ற ஒரே சொல்லுக்கு நம்மிடம் எத்தனை! பழைய சோறு, வயதான தாத்தா, முற்றிய தேங்காய், கிழட்டு மாடு, தொன்மையான கோயில். 'முற்றிய தாத்தா' என்று சொல்லிப் பாருங்கள், தாத்தா கோபித்துக்கொள்வார்.

எண்ணிக் கண்டுபிடித்தார்கள்

"இதையெல்லாம் யாரு மாமா கண்டுபிடிச்சா?"

தாய்மொழியில் ஜோடிகள் நமக்குத் தெரியாமலே பழகிவிடும். வேறு மொழி கற்கும்போதுதான் அவை கண்ணில் படும். அதனால் இந்த ஆராய்ச்சி லண்டனைவிட டோக்கியோவில் சூடு பிடித்தது. ஜப்பான் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க 1922இல் அங்கே போன ஹரால்ட் பாமர், மாணவர்கள் தடுமாறுவது தனிச்சொற்களில் அல்ல, சொல்ஜோடிகளில் என்று கண்டார். ஜோடிகளைத் திரட்டி 1933இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஏ. எஸ். ஹார்ன்பி, எந்தச் சொல் எதோடு சேரும் என்று காட்டும் அகராதி ஒன்றைத் தயாரித்தார். 1942இல் டோக்கியோவில் அச்சான அந்த அகராதிதான் வளர்ந்து, இன்று பல பள்ளி நூலகங்களில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாகியிருக்கிறது.

ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேயரையும் சொல்ல வேண்டும். அவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்புக்காகத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி எழுதியவரும் அவர்தான். ஒரு சொல்லின் பொருள் பாதி அதற்குள் இருக்கிறது, மீதி அதன் கூட்டாளிகளிடம் இருக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

பிறகு கணினி வந்தது. அமெரிக்காவில் 1961இல் அச்சான நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் 500 பகுதிகளை எடுத்து, 10 லட்சம் சொற்களைக் கணினியில் ஏற்றினார்கள். அதற்குப் பிரவுன் தொகுப்பு என்று பெயர். நம் நாட்டில் கோலாப்பூரின் சிவாஜி பல்கலைக்கழகத்தில், 1978இல் வெளியான இந்திய ஆங்கில எழுத்துகளை வைத்து அதே போல 10 லட்சம் சொற்கள் திரட்டினார்கள்.

இவ்வளவு சொற்களை வைத்துக்கொண்டு ஜோடியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் ஒரு லட்சம் சொற்கள் உள்ள கதைக் குவியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'மயில்' 100 முறையும் 'அகவியது' 10 முறையும் வருகின்றன. எல்லாச் சொற்களையும் சீட்டுகளாக வெட்டிச் சாக்கில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக அடுக்குங்கள். ஓர் 'அகவியது' சீட்டுக்கு முன்னால் 'மயில்' வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பத்துச் சீட்டுகளுக்கும் சேர்த்தால் நூற்றில் ஒன்று. அதாவது சாக்கை நூறு தடவை குலுக்கி அடுக்கினால், சுமார் ஒரு தடவைதான் 'மயில் அகவியது' தானாகச் சேரும்.

ஆனால் உண்மையான கதைகளில் அது 8 முறை வந்திருந்தால்? தற்செயலாக வருவதைவிட 800 மடங்கு! அப்படியானால் அந்தச் சொற்களைச் சேர்த்தது குலுக்கல் இல்லை, மனிதர்களின் வாய்ப்பழக்கம். அகராதி தயாரிப்பவர்களுக்கு இந்த வகைக் கணக்கு பெரிய துணை. அலைபேசியில் 'இனிய பிறந்தநாள்' என்று தட்டியதும் 'வாழ்த்துகள்' என்ற சொல்லை அது நீட்டுகிறதே, அதற்கும் அடிப்படை இதுதான். எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று கோடிக்கணக்கான வரிகளைப் பார்த்து அது பழகியிருக்கிறது.

நம் மூளையும் ஒரு வகையில் இதைச் செய்கிறது. பழகிய ஜோடிகளைத் தனித்தனிச் சொற்களாகக் கோக்காமல், ஒரே பொட்டலமாக எடுத்துத் தருகிறது. அதனால்தான் பழகிய தொடரை விரைவாகப் படிக்கிறோம். 'கங்கை வாங்கிய' என்றதும் தம்பி சிரித்தது அந்தப் பொட்டலம் பிரிந்ததால்தான்.

தண்ணீரால் ஒரு தூண்

இருட்டுவதற்குள் பொன்னேரிக்குப் போனோம். ராஜேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் ஏரிதான் அது. கரையில் நின்றபோது அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன்.

வென்ற அரசர்கள் வெற்றித்தூண் நடுவது அந்தக் கால வழக்கம். தூண் என்றால் கல், தூண் என்றால் நடு. அதுதான் பழகிய ஜோடி. ஆனால் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி இந்த ஏரியை, கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் என்று வர்ணிக்கிறது. நிற்காமல் ஓடுவது நீர். அசையாமல் நிற்பது தூண். சேரவே சேராத இரண்டையும் சேர்த்துவிட்டார் அந்தக் கவிஞர். எல்லோரும் கல்லால் தூண் நட்டார்கள், என் அரசன் ஊருக்குப் பாயும் தண்ணீரையே தூணாக்கினான் என்பது அவர் சொல்ல வந்த செய்தி.

"அப்ப ஜோடியை மாத்தலாமா மாமா?" என்றாள் அக்கா மகள்.

மாற்றலாம். பழைய ஜோடி நன்றாகத் தெரிந்தவர் மாற்றினால் அது கவிதை. 'தூண் நடு' தெரிந்திருப்பதால்தான் தண்ணீர்த் தூண் நம்மை வியக்க வைக்கிறது. அதனால் முதலில் ஜோடிகளைச் சேர்த்து வைக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொன்னேன். நீங்களும் செய்யலாம். ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் தமிழ் ஜோடி, வலப்பக்கம் அதே பொருளுள்ள ஆங்கில ஜோடி. ஒரு புதிய ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டால் அதைத் தனியாக எழுதாதீர்கள். அது யாரோடு வந்தது என்று பார்த்து, கூட்டாளியையும் சேர்த்தே எழுதுங்கள். 'மிஸ்டேக்' என்று எழுதாமல் 'மேக் எ மிஸ்டேக்' என்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஜோடி என்றால் ஓர் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்துவிடும்.

ஏரிக்கரையிலேயே அவள் முதல் பக்கத்தைத் தொடங்கினாள். தப்பு செய், மேக் எ மிஸ்டேக். கணக்குப் போடு, டூ சம்ஸ். சளி பிடித்தது, காட் எ கோல்ட். தம்பி எட்டிப் பார்த்து, "தண்ணித் தூணை எங்க எழுதுவ?" என்று கேட்டான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் கோடு எதுவும் போடாமல் அதை எழுதினாள்.

"இந்தப் பக்கம் நாம புதுசா சேர்க்கிறதுக்கு" என்றாள்.